வில்லியம் ஸ்டில்லின் பதிவேடு

பெயர், வயது, நிறம், உயரம். எந்த ஊர், யாரிடம் அடிமையாக இருந்தார், அந்த எஜமான் எப்படிப்பட்டவர். எதற்காக ஓடிவந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார். இனிமேல் என்ன பெயர் வைத்துக்கொள்ளப் போகிறார். 1850களில் பிலடெல்பியாவின் வடக்கு ஐந்தாம் தெருவில் இருந்த ஓர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர்களிடம் வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பின எழுத்தர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வந்தவர்கள் மேரிலாந்து, வர்ஜீனியா, டெலவேர் மாநிலங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகள்.

அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கமும் சட்டப்படி ஒரு குற்ற ஒப்புதல். 1850 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி, ஓடிவந்தவருக்கு உதவியவர் ஆயிரம் டாலர் வரை அபராதம் கட்ட வேண்டும். ஆறு மாதம் வரை சிறைக்கும் போக வேண்டும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தனக்காகத் தானே சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையர் அவரை எஜமானிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம் பெறுவார். விடுவித்தால் 5 டாலர்தான். ஒப்படைப்பதற்குக் கூடுதலாகக் காகித வேலை இருக்கிறது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

இப்படிப்பட்ட காலத்தில், வந்தவர் பெயரையும் அனுப்பியவர் பெயரையும் மையால் எழுதி வைப்பானேன்? ஸ்டில் அவசரக்காரரோ விவரம் தெரியாதவரோ இல்லை. காரணம் அவருடைய குடும்பத்தில் இருந்தது.

அவருடைய தந்தை லெவின் மேரிலாந்தில் அடிமையாக இருந்து, தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்டு நியூ ஜெர்சிக்குப் போனவர். தாய் சிட்னி நான்கு குழந்தைகளோடு தப்பி கணவரிடம் போய்ச் சேர்ந்தார். ஆள்பிடிப்போர் தேடிவந்து பிடித்துப் போனார்கள். இரண்டாம் முறை தப்பும்போது நால்வரையும் தூக்கிக்கொண்டு ஓட வழியில்லை. பெண் குழந்தைகள் இருவரை எடுத்துக்கொண்டு, மகன்கள் லெவினையும் பீட்டரையும் விட்டுவிட்டுப் போனார். நியூ ஜெர்சியில் பெயரை சேரிட்டி என்று மாற்றிக்கொண்டு மறைந்து வாழ்ந்தார். அங்கே 1821இல் பிறந்த கடைசிப் பிள்ளைதான் வில்லியம்; பதினெட்டுப் பேரில் பதினெட்டாவது. விட்டுவிட்டு வந்த பையன்களை எஜமான் கென்டக்கிக்கு விற்றார்; அங்கிருந்து அவர்கள் அலபாமாவுக்குப் போனார்கள். லெவின் அங்கே சவுக்கடி பட்டதில் செத்துப்போனார். பீட்டர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடிமையாக உழைத்து, டஸ்கம்பியா ஊரில் கடை வைத்திருந்த ஃப்ரீட்மன் என்ற யூத வியாபாரியின் ஒத்தாசையோடு 500 டாலருக்குத் தன் விடுதலையை வாங்கினார். 1850 ஆகஸ்டில் தாயைத் தேடிக்கொண்டு பிலடெல்பியா வந்தார். யாரோ அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்துக்குப் போய்க் கேட்கச் சொன்னார்கள். அங்கே மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தர், வந்தவர் சொன்ன பெற்றோர் பெயர்களையும் பிரிந்த கதையையும் கேட்கக் கேட்கத் தெரிந்துகொண்டார்: எதிரே நிற்பது தான் பிறப்பதற்கு முன்பே தொலைந்துபோன சொந்த அண்ணன்.

நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம். ஸ்டில் இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடவில்லை. பெற்றோர் பெயரும் ஊரும் அண்ணனின் நினைவில் தங்கியிருந்ததால் ஒரு குடும்பம் சேர்ந்தது. எழுதி வைத்தால் இன்னும் பல குடும்பங்கள் சேரலாம். தப்பி வந்தவர்களின் விவரங்களைக் கவனமாகச் சேர்த்து வைக்கத் தன்னைத் தூண்டியது அண்ணனின் வருகைதான் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

நிலத்தடி ரயில்பாதை என்று பெயர் பெற்ற அந்த வலையமைப்பில் தண்டவாளமும் கிடையாது, பெரும்பாலான இடங்களில் சுரங்கமும் கிடையாது. ஸ்டேஷன், கண்டக்டர் என்ற ரயில்வே பாஷையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டில்லின் பதிவேடுகளில் எஞ்சியுள்ள ஒன்று ‘இரண்டாம் எண் ஸ்டேஷன்’ என்று தலைப்பிட்டே இருக்கிறது. நடந்த வேலை என்னவோ அலுவலக வேலைதான். 1847இல் வாரம் 3.75 டாலர் சம்பளத்துக்குச் சங்கத்தில் சேர்ந்தபோது எழுத்து வேலையோடு அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பதும் அவர் பொறுப்பாக இருந்தது. 1852 டிசம்பரில், தப்பி வந்தவர்களுக்கு உதவிய நகர விழிப்புக் குழுவைத் திருத்தி அமைத்தபோது, அன்றாட வேலையைக் கவனிக்க நால்வர் கொண்ட செயற்குழு ஒன்றைப் போட்டு ஸ்டில்லைத் தலைவராக்கினார்கள். நால்வரில் மூவர் கறுப்பர். வெள்ளையரான பாஸ்மோர் வில்லியம்சன் நான்காமவர்.

வந்தவரை முதலில் துருவித் துருவிக் கேட்க வேண்டும். எஜமான்கள் அனுப்பிய ஒற்றர்களும், அடிமை வேடம் போட்டுப் பணம் பறிக்க வந்த எத்தர்களும் உண்டு. சொன்ன கதை ஊர்ப்பெயரோடும் ஆட்பெயரோடும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த காரியம். தங்க இடம், சாப்பாடு, செருப்பு, சிலருக்கு மருத்துவர், பலருக்கு நியூயார்க் வழியாகக் கனடா போக டிக்கெட். பலர் ஸ்டில்லின் வீட்டிலேயே தங்கினார்கள். தையல் வேலை செய்து சம்பாதித்துக்கொண்டிருந்த அவர் மனைவி லெட்டீஷியா, வந்தவர்களுக்குச் சோறு போட்டுப் படுக்கை விரித்துக் கொடுத்தவர். வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு வாக்கியம் கிடைத்தாலே அதிகம். செலவான ஒவ்வொரு டாலருக்கும் பற்றுக்கணக்கு உண்டு. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே.

ஊருக்கு ஊர் தகவல் போனதும் வியாபாரக் கடிதங்களின் சாயலில்தான். 1856 மே மாதம் ஹாரிஸ்பர்கிலிருந்து ஜோசப் பஸ்டில் என்ற கறுப்பினத்தவர் ஸ்டில்லுக்கு எழுதியபோது, நான்கு பெரிய பன்றித்தொடைகளும் இரண்டு சிறியவையும் இரண்டு மணி வண்டியில் அனுப்பியதாகக் குறிப்பிட்டார். பெரியவர்கள் நான்கு பேர், குழந்தைகள் இரண்டு பேர் என்று பொருள். வழக்கமான தடத்தில் வராமல் ரெடிங் ஊரைச் சுற்றி வருகிறார்கள் என்பதைக் காட்ட ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். ஆள்பிடிப்போர் ஒரு ஸ்டேஷனில் காத்துக் கிடக்க, ஸ்டில் இன்னொரு ஸ்டேஷனில் போய் அறுவரையும் அழைத்து வந்தார்.

பதிவேட்டில் 1854 டிசம்பர் 29ஆம் தேதி வந்த ஒரு கூட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதில் மூவர், அடிமைகளை மீட்டு வந்த ஹாரியட் டப்மனின் சகோதரர்கள்: பென், ராபர்ட், ஹென்றி. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் மூவரையும் விற்றுவிட எஜமானி தீர்மானித்திருந்தாள். மேரிலாந்தின் டார்செஸ்டர் மாவட்டத்தைச் சேர்ந்த, ஐந்தாண்டுகளுக்கு முன்பே தப்பிய ஹாரியட், எழுத்தறிந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரக் கறுப்பருக்கு அவர் வளர்ப்பு மகன் எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதச் செய்து, தான் வரும் செய்தியை அனுப்பினார். அஞ்சலகத்தில் உடைத்துப் படித்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜாக்சனும் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சாதித்துவிட்டு, நேரே போய்ச் சகோதரர்களிடம் சொன்னார். ராபர்ட்டின் மனைவிக்கு அன்றுதான் பிரசவ வலி. குழந்தை பிறந்த பிறகே அவர் கிளம்பினார்.

கிறிஸ்துமஸ் நாள் முழுக்க அவர்கள் பெற்றோரின் குடிசைக்கு அருகே தீவனக் கொட்டகையில் ஒளிந்திருந்தார்கள். மகன்கள் விருந்துக்கு வருவார்கள் என்று தாய் பன்றி அடித்துச் சமைத்து வைத்துக்கொண்டு வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயிடம் சொல்லவில்லை, சொன்னால் ஓலமிட்டு ஊரைக் கூட்டிவிடுவார் என்ற பயம். தந்தை பென் ராஸுக்கு மட்டும் தெரியும். அவர் கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. இரவில் சிறிது தூரம் வழியனுப்பப் போனபோது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார். விசாரிக்க வருபவர்களிடம் மகன்களைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்று சொல்ல வேண்டும், அது பொய்யாகவும் இருக்கக் கூடாது. பேர் பெற்ற நேர்மையாளர் அவர். ஊரார் அவர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

டெலவேரின் வில்மிங்டனில் இரும்பு வியாபாரம் செய்த குவேக்கர் தாமஸ் காரெட் அவர்களை வரவேற்றார். ஹாரியட்டும் இன்னோர் ஆளும் செருப்புத் தேய்ந்து வெறுங்காலோடு வந்ததால் அவர்களுக்கு 2 டாலர் கொடுத்ததையும், தன் செலவில் வண்டி பிடித்து அனுப்பியதையும் பிலடெல்பியாவுக்குக் கடிதத்தில் எழுதினார். இந்த 2 டாலர் எனக்குப் பெரிய சான்றாகத் தெரிகிறது. விடுதலை இயக்கத்தின் வரலாற்றை மேடைப் பேச்சுகளிலிருந்து எழுதினால் ஒரு மாதிரி இருக்கும். செருப்புச் செலவிலிருந்து எழுதினால் வேறு மாதிரி இருக்கும். காரெட்டும் சும்மா கொடுத்துவிட்டுப் போனவர் இல்லை. ஏற்கெனவே 1848இல் ஓர் அடிமைக் குடும்பத்துக்கு உதவியதற்காக வழக்கில் தோற்று ஆயிரக்கணக்கான டாலர் அபராதத் தீர்ப்புக்கு ஆளானவர்.

ஆனால் எழுதி வைப்பதற்கும் ஊருக்குச் சொல்வதற்கும் இடையே ஒரு பெரிய சண்டை அப்போதே இருந்தது. 1849 மார்ச்சில் ரிச்மண்டிலிருந்து ஹென்றி பிரவுன் என்பவர் மூன்றடி நீளம், இரண்டடி எட்டு அங்குல ஆழம், இரண்டடி அகலமுள்ள மரப்பெட்டிக்குள் தன்னை வைத்து ஆணியடிக்கச் செய்து, ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் பார்சலாகப் பிலடெல்பியா வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் மனைவியையும் பிள்ளைகளையும் வட கரோலினாவுக்கு விற்றுவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருந்தும் வழியில் பல மைல் தூரம் தலைகீழாகவே வைத்திருந்தார்கள். 26 மணி நேரத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தார். திறந்தபோது உடனிருந்தவர்களில் ஸ்டில்லும் ஒருவர். பிரவுன் ஊர் ஊராக மேடையேறிக் கதை சொன்னார், பத்திரிகைகள் கொண்டாடின. அதே வழியில் வேறு பெட்டிகளை அனுப்ப முயன்ற ரிச்மண்ட் வெள்ளையர் சாமுவேல் ஸ்மித் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். பிரவுனின் கதையை ஊரறியச் செய்யாதிருந்தால் ஆண்டுக்கு எத்தனையோ பேர் அதே வழியில் வந்திருப்பார்கள் என்று, தானும் அடிமையாக இருந்து தப்பியவரான ஃபிரெடெரிக் டக்ளஸ் 1855இல் குறைப்பட்டுக்கொண்டார். தான் எப்படித் தப்பினேன் என்பதை டக்ளஸ் 1881 வரை நூலில் எழுதவில்லை. டக்ளஸின் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஸ்டில்லும் அதையேதான் செய்தார்: எழுதினார், காட்டவில்லை. நிலைமை மோசமானபோது ஏடுகளை லெபனான் கல்லறைத் தோட்டக் கட்டடத்தின் பரணில் ஒளித்து வைத்தார்.

சில நேரம் ஒளிவு மறைவு வேண்டியிருக்கவில்லை, சட்டமே கைகொடுத்தது. பென்சில்வேனியா 1780இலேயே படிப்படியான ஒழிப்புச் சட்டம் இயற்றிய மாநிலம். 1847ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போனது: எஜமானே தன் அடிமையை மாநிலத்துக்குள் அழைத்து வந்தால், அந்த ஆள் அப்போதே சுதந்திரர். 1855 ஜூலை 18 அன்று நிகராகுவாவுக்கான அமெரிக்கத் தூதர் ஜான் வீலர், ஜேன் ஜான்சன் என்ற பெண்ணையும் அவருடைய இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு பிலடெல்பியா வழியாகப் போனார். கறுப்பினத்தவர் யாரிடமும் பேசக் கூடாது என்று எச்சரித்திருந்தும், வீலர் சாப்பிடப் போன நேரத்தில் ஜேன் விடுதி ஊழியர்களிடம் தனக்கு விடுதலை வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு பையன் சீட்டோடு ஸ்டில்லிடம் ஓடினான். ஸ்டில்லும் வில்லியம்சனும் படகுத்துறைக்கு விரைந்து, கிளம்பத் தயாராக நின்ற படகில் ஏறி, சட்டப்படி நீ சுதந்திரமானவள், விருப்பமிருந்தால் இறங்கி வா என்றார்கள். ஜேன் எழுந்தார். வீலர் பிடித்து இழுத்தார். துறையில் வேலை செய்த ஐந்து கறுப்பினச் சுமைத் தொழிலாளர்கள் வீலரைத் தடுத்து நிறுத்தினார்கள்.

வீலர் வழக்குப் போட்டார். ஜேனை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்ட கூட்டாட்சி நீதிபதி கேன், சரியான பதில் வரவில்லை என்று வில்லியம்சனை நூறு நாள் சிறையில் வைத்தார். அது நாடறிந்த செய்தியாயிற்று. ஸ்டில் மீதும் சுமைத் தொழிலாளர்கள் மீதும் தனி வழக்கு. கலகம் செய்தார்கள், ஒரு தாயைக் கட்டாயப்படுத்திக் கடத்தினார்கள் என்பது வீலர் தரப்பின் வாதம். அந்த விசாரணைக்கு, பிடித்துப் போகக் கூட்டாட்சி அதிகாரிகள் வாசலில் காத்திருந்தபோதும், ஜேன் ஜான்சனே நீதிமன்றத்துக்கு வந்து நின்றார். யாரும் என்னை இழுத்துப் போகவில்லை, என் விருப்பத்தில்தான் போனேன் என்று சாட்சி சொல்லிவிட்டு, மாநில அதிகாரிகளின் காவலோடு வண்டியேறிப் போனார். ஸ்டில் விடுதலையானார். தொழிலாளர்கள் இருவருக்கு மட்டும் தாக்குதல் குற்றத்துக்காக ஒரு வாரச் சிறை. வில்லியம்சனின் படம் அச்சாகி விற்றது. சிறைக்குப் போன அந்தத் தொழிலாளர்களைப் பற்றி அப்போதும் அதிகம் பேசவில்லை, இப்போதும் பேசுவதில்லை.

இந்த மறதி ஓரிடத்தில் நடந்த தற்செயல் இல்லை. 1898இல் ஒஹாயோவின் பேராசிரியர் வில்பர் சீபெர்ட் நிலத்தடி ரயில்பாதை பற்றிய முதல் பெரிய ஆய்வு நூலை வெளியிட்டார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ‘ஏஜென்டு’களின் பட்டியல் அதில் உண்டு. அவருக்குக் கிடைத்த தகவல்களில் பெரும்பகுதி வயதான வெள்ளை ஒழிப்புவாதிகளும் அவர்கள் வாரிசுகளும் எழுதிய நினைவுக் கடிதங்கள். ஒவ்வொரு நிலவறையும் ஒரு ஸ்டேஷனாகிவிட்டது. தாத்தா ஒவ்வொருவரும் ஒரு கண்டக்டர். ஓடிவந்தவர் யாரோ தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்த சுமைபோல ஆனார். 1961இல் வரலாற்றாசிரியர் லேரி காரா இதைக் கேள்வி கேட்டு, வழியின் பெரும்பகுதியைத் தப்பியவர்கள் தம் சொந்த முயற்சியாலேயே கடந்தார்கள் என்று எழுதினார். ஒட்டுத்துணிப் போர்வைகளில் ரகசியக் குறியீடு தைத்து வழிகாட்டினார்கள் என்ற கதை 1999இல் வந்த ஒரு நூலால் பரவியது. அதற்கு அக்காலச் சான்று ஏதும் இல்லை என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. பள்ளிக்கூடங்களில் இன்றும் அந்தப் போர்வை கம்பீரமாகத் தொங்குகிறது. டப்மன் 19 முறை போய் 300 பேரை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் என்பதும் இந்த வகைதான். அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்த கேட் லார்சன் காட்டுவது சுமார் 13 பயணங்கள், 70 பேர். 1849இல் டப்மனையும் இரு சகோதரர்களையும் தேடி எஜமானி கொடுத்த விளம்பரத்தில் வெளிமாநிலத்தில் பிடித்தால் தலைக்கு 100 டாலர். எழுபது பேரை அப்படி நடத்திக்கொண்டு வந்தவருக்கு இட்டுக்கட்டிய எண்கள் எதற்கு?

எண்ணிக்கையை ஒட்டுமொத்தமாகப் பார்த்தாலும் அடக்கமாகவே இருக்கிறது. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 39.5 லட்சம். அந்த ஆண்டு ஓடிப்போனவர்கள் என்று கணக்கெடுப்பில் பதிவானவர்கள் 803 பேர். எஜமான்கள் குறைத்துச் சொல்லியிருக்கலாம். 1830க்கும் 1860க்கும் இடையே ஆண்டுக்கு ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் பேர் தப்பியிருக்கலாம் என்கிறார் வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனர். அதுவும் கடலில் ஒரு குடம்தான். தப்பியவர்களில் இளம் ஆண்களே மிகுதி. மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து குழந்தையோடு ஒரு தாய் நடந்து கனடா சேர்வது ஏறக்குறைய நடவாத காரியம். அப்படியானால் இந்தச் சில ஆயிரம் பேருக்காகத் தெற்கு ஏன் அவ்வளவு கொதித்தது?

ஒவ்வொரு ஓட்டமும் வடக்கில் ஒரு வழக்கை உண்டாக்கியது. வழக்கு வந்தால் நீதிமன்ற வாசலில் கூட்டம், பத்திரிகையில் செய்தி, சட்டமன்றத்தில் புது மசோதா. அடிமைமுறை எங்கோ தெற்கே நடக்கும் விவகாரம் என்று இருந்த வெள்ளையர் வாசலுக்கு அது வந்து நின்றது. 1851 செப்டம்பரில் மேரிலாந்து எஜமான் எட்வர்ட் கோர்சச் தன் ஆட்களைப் பிடிக்கப் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா ஊருக்கு வந்தார். அவர் வரும் செய்தி பிலடெல்பியாவிலிருந்து முன்பே போய்விட்டதால் கறுப்பினத்தவர் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். கோர்சச் கொல்லப்பட்டார். 38 பேர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டும் ஒருவரைக்கூடத் தண்டிக்க முடியவில்லை. 1860 டிசம்பரில் தென் கரோலினா ஒன்றியத்தை விட்டுப் பிரிந்ததற்குக் காரணம் கூறி வெளியிட்ட பிரகடனத்தில், வட மாநிலங்கள் தப்பியவர்களைத் திருப்பித் தர மறுக்கின்றன என்ற புகார் மாநிலப் பெயர்களோடு முன்னால் நிற்கிறது. மாநில உரிமைக்காகவே உள்நாட்டுப் போர் நடந்தது என்பவர்கள் அந்தப் பிரகடனத்தை ஒருமுறை படிக்கலாம். அதில் தென் கரோலினா குறைசொல்வது, வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதைத்தான்.

1865 டிசம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஒப்புதல் பெற்று அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. ஸ்டில் அதற்குள் நிலக்கரி வியாபாரியாகிச் செல்வாக்கோடு இருந்தார். ஆனாலும் 1863 குளிர்காலத்தில் ஒரு நாள், கறுப்பினச் சிப்பாய்களுக்குப் பயிற்சியளித்த வில்லியம் பென் முகாமிலிருந்து டிராமில் திரும்பியபோது, உள்ளே உட்காரக் கூடாது என்று அவரைப் பனியில் வெளித் தட்டில் நிற்கச் சொன்னார்கள். அதைப் பத்திரிகைக்கு எழுதினார். டிராம்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் 1867இல்தான் வந்தது. பரணிலிருந்து இறக்கிய ஏடுகளைக் கொண்டு அவர் தொகுத்த பெருநூல் 1872இல் வெளியாயிற்று. மீட்டவர்களின் படங்களும் வரலாறும் பின்னால் இருக்க, முதலில் நிற்பவர்கள் தப்பி வந்தவர்கள். ஒவ்வொருவரும் பெயரோடு, ஊரோடு, சில நேரம் தாங்களே எழுதிய கடிதங்களோடு வருகிறார்கள். தனக்கென்று ஸ்டில் ஒதுக்கிக்கொண்ட இடம் குறைவு.

1850, 1860 அரசாங்கக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் எஜமானின் பெயர் இருக்கும். கீழே வயது, பால், நிறம் போன்றவை வரிசையாக இருக்கும். மிகச் சில இடங்களைத் தவிர அடிமைகளின் பெயர் இருக்காது. இன்று மேரிலாந்திலோ வர்ஜீனியாவிலோ தங்கள் முன்னோரைத் தேடுபவர்கள் 1870 கணக்கெடுப்பு வரை வந்து, அதற்கு மேல் போக முடியாமல் முட்டிக்கொள்வது இங்கேதான். பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கும் ஸ்டில்லின் ஏடு, 1855, 56இல் நியூயார்க்கில் சிட்னி ஹோவர்ட் கே என்ற ஒழிப்புவாதி வைத்திருந்த இன்னொரு பதிவேடு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே ஆள் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் வந்து சேர்ந்தது தேதியோடு தெரிகிறது. புதிய பெயரும் பழைய பெயரும் அதே பக்கத்தில் இருப்பதால், கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் ஸ்டூவர்ட் என்ற பெயரில் வாழ்ந்த சகோதரர்கள் டார்செஸ்டர் மாவட்டத்து ராஸ் குடும்பத்துப் பிள்ளைகள்தான் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.